வேகம் ஏறும் தாளம்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையிலான இந்தக் கரையில் பாட்டுக் காட்சிகளை எடுத்துத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். கலியாணம், கோயில் திருநாள், இளைஞர் இசைக்குழு என்று எது வந்தாலும் பைலா இல்லாமல் முடியாது. அந்தத் தாளத்தின் ஊற்றுகளில் ஒன்று புத்தளம் நகருக்கு அருகே சிறாம்பியடியில் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் படைவேலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழிவந்தோர் அங்கே மஞ்சா என்னும் பாட்டைப் பாடுகிறார்கள். மொழி, போர்த்துக்கேயத்திலிருந்து பிறந்த பழைய கிரியோல். வாத்தியம், ரபான், சிரட்டை, போத்தல், கரண்டி.

மஞ்சா ஒரே வேகத்தில் நிற்காது. மெதுவாகத் தொடங்கும். சில சொற்களையே திரும்பத் திரும்பப் பாடப் பாடக் கை சூடேறும், கால் அதன் பின்னால் ஓடும். படத்தொகுப்பாளருக்கு இது பெரிய சோதனை. ஸ்டூடியோவில் பதிந்த பைலா என்றால் கணக்கு எளிது. ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாக இரண்டு தட்டு. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி. விநாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் அது பன்னிரண்டரை பிரேம். அரை பிரேமில் வெட்ட முடியாது. ஒரு துண்டை 12 பிரேமிலும் அடுத்ததை 13 பிரேமிலும் முடித்துச் சமன் செய்வோம். தட்டு விழுவதற்கு ஒன்றிரண்டு பிரேம் முன்பே வெட்டினால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

மஞ்சாவில் இந்தக் கணக்கு செல்லாது. தொடக்கத்தில் எடுத்த காட்சியை முடிவில் செருகினால், சிரட்டை தட்டும் கை ஒரு வேகத்தில் அசையும், காதில் விழும் தட்டு வேறு வேகத்தில் ஓடும். ஆகவே இரண்டு மூன்று கமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பாட்டு முடியும்வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். ஒலியையும் அதே இடத்தில், அதே நேரத்தில் பதிய வேண்டும். கால்கள் படத்துக்குள் இருக்க வேண்டும். வேகம் ஏறுவதை முகத்துக்கு முன்பே கால் சொல்லிவிடும்.

இசைப்படங்களின் வழக்கம் இதற்கு நேர்மாறு. பாட்டை முன்கூட்டியே பதிந்து, அதை ஓடவிட்டு நடிப்பார்கள். எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் ஒட்டும். கொலின் மக்கின்னஸ் 1959இல் எழுதிய நாவலை ஜூலியன் டெம்பிள் 1986இல் படமாக்கிய 'அப்சலூட் பிகினர்ஸ்' இந்த வழக்கத்தின் பலத்தையும் குறையையும் சேர்த்தே காட்டுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்ந்த லண்டன் இளைஞர்களின் ஆடையும் ஜாஸும் ஆசைகளும்தான் கதை. செட்டாகப் போட்ட சோஹோ தெருக்களுக்குள் கமரா நெடுநேரம் புகுந்து செல்லும் அதன் தொடக்கத்தை, தொழில் பழகும் எவரும் பலமுறை பார்க்க வேண்டும். ஆனால் கரீபியக் குடியேறிகளைத் தாக்கிய 1958 நொட்டிங் ஹில் கலவரமும் அதே அளவெடுத்த நடன அசைவுக்குள் வந்துவிடுகிறது. கொண்டாட்டத்துக்கும் பயத்துக்கும் ஒரே தாளம் போதாது என்பது என் எண்ணம். அந்தக் கலவரத்துக்கு மறுமொழியாக 1959 ஜனவரியில் பத்திரிகையாளர் கிளோடியா ஜோன்ஸ் லண்டனில் கரீபியக் கார்னிவல் நடத்தினார். அடிபட்டவர்களே தங்கள் தாளத்தோடு எழுந்து நின்ற நிகழ்ச்சி அது.

நமக்கும் அப்படித் தன் தாளத்தோடு எழுந்து நிற்கும் ஓர் இசைப்படம் வேண்டும். கதைக்குப் பஞ்சமில்லை. பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன்ஸ் 1940களில் பைலாவைச் சிங்களப் பாட்டாக்கி ஊரெல்லாம் பரப்பினார். பாடகர்கள் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அந்தத் துள்ளலைத் தமிழ்ப் பொப் இசையாக்கினார்கள். 'சுராங்கனி' பாட்டு கடல் தாண்டி, 1977இல் இளையராஜா இசையில் தமிழ்நாட்டுத் திரைக்கும் போனது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபின் பருவமடைந்த தலைமுறைக்குப் பாட்டு என்றால் கையடக்கத் தொலைபேசியில் ஓடும் சின்னத் துண்டு. அந்தத் துண்டில் துள்ளல் இருக்கும், ஏற்றம் இருக்காது. மெதுவில் தொடங்கி எல்லோரையும் இழுத்துச் சேர்க்கும் ஏற்றத்தை ஒரு நிமிடத்துக்குள் அடக்க முடியாது. பல இடங்களிலிருந்து வந்து ஒன்றாக வாழப் பழகும் ஒரு நகரத்தைச் சொல்ல மஞ்சாவைவிடப் பொருத்தமான இசை வடிவம் எனக்குத் தெரியவில்லை.

கமரா வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சிறாம்பியடிப் பெரியவர்களிடம் முறையாக அனுமதி கேட்டு, ஒரு மஞ்சாவையாவது முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை நிறுத்தாமல் பதியுங்கள். சொற்களையும் பொருளையும் பாடுபவர் வாயாலேயே கேட்டு எழுதி வையுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தக் கிரியோலைப் பேசத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலரே. படம் பிறகு எடுக்கலாம், பதிவு இப்போதே வேண்டும்.