ஐந்து மேஜைகள், ஒரு கணக்கு நோட்டு

சீட்டாட்டம் திறமையா, அதிர்ஷ்டமா? பெங்களூர் நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி பலமுறை அலசப்பட்டுவிட்டது. சீட்டைக் கையில் பிடித்திருப்பவனுக்கு வேறொரு கேள்வி இருக்கிறது.

இந்திரா நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. சனிக்கிழமை இரவு பத்து மணி. வெளியே பெங்களூருக்கே உரிய விட்டு விட்டுப் பெய்யும் மழை. சாப்பாட்டு மேஜை மீது பச்சைத் துணி விரித்து, பணத்துக்குப் பதிலாக வண்ண வண்ணச் சிப்புகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றி எட்டுப் பேர். ஓய்வு பெற்ற கன்னட வங்கி மேலாளர், ஒரு பல் மருத்துவர், கோட்டயத்துக்காரர் ஒருவர், நான்கு சாஃப்ட்வேர் இளைஞர்கள், நான்.

என் கையில் இரண்டு ஏஸ். 221 முறை சீட்டு போட்டால் சராசரியாக ஒரு முறைதான் இந்தக் கை வரும். எதிரே இருந்த பையனிடம் இரண்டு ராஜா. என்னிடம் இருந்த 4,000 ரூபாய்ச் சிப்புகளையும் நடுவில் தள்ளினேன். அவனும் தள்ளினான். மேஜையில் விழுந்த ஐந்தாவது சீட்டு, ராஜா.

"நீங்க தப்பா எதுவும் ஆடலை, சார்" என்று சிப்புகளை அள்ளியபடியே அவன் சமாதானம் சொன்னான். உண்மைதான். இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் நேருக்கு நேர் மோதினால் ஏறக்குறைய ஐந்தில் நான்கு முறை ஏஸ் ஜெயிக்கும். அன்று வந்தது ஐந்தாவது முறை. சரியாக ஆடியும் தோற்கலாம் என்பது எனக்கு மண்டையில் ஏறிய இரவு அது.

நான் தொழில்முறை ஆட்டக்காரன் அல்ல. மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து 2006இல் இங்கு வந்தபோதே ஒரு கணக்கு நோட்டுப் போட்டேன். தேதி, ஆட்டம், எத்தனை மணி நேரம், வரவு, செலவு. அதைப் புரட்டினால் கிடைப்பது என் கணக்கு மட்டுமல்ல. பெங்களூரைச் சுற்றி வந்த வழியும் அதில் இருக்கிறது.

முதல் பக்கங்கள் முழுக்க அல்சூர். கன்னடத்தில் ஹலசூரு. சோமேஸ்வரர் கோயிலும் பழைய தமிழ்க் குடும்பங்களும் நெருக்கியடித்து வாழும் பகுதி. அங்கே ஒரு மாடியில் மனமகிழ் மன்றம். டியூப் லைட், கிறீச்சிடும் மின்விசிறி, எவர்சில்வர் டம்ளரில் டீ. ஆட்டம், பதிமூன்று சீட்டு ரம்மி. எடுத்தவுடன் ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட், நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80.

ஏதோ ஒரு பொதுத்துறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். நான் மோசமான கையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "தம்பி, ஜோக்கரும் இல்ல, ரன்னும் இல்ல. அப்புறம் எந்த நம்பிக்கையில ஒக்காந்திருக்க? ஸ்கூட் விடு. இருபதோட போகட்டும்."

ரம்மிக்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. செகந்திராபாத் மன்றம் ஒன்றின் மீது போடப்பட்ட வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம், இது பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. எந்தச் சீட்டு விழுந்தது என்ற ஞாபகம் வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும் என்பது காரணம். அதே தீர்ப்பு மூன்று சீட்டு ஆட்டத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டது.

அந்த மூன்று சீட்டுதான் என் இரண்டாவது மேஜை. கோரமங்கலாவில் தீபாவளிக்கு முந்தைய வாரம், வடநாட்டு நண்பர் வீட்டில். நாம் ஃப்ளஷ் என்போம், அவர்களுக்குத் தீன் பத்தி. லட்சுமி பூஜைக்கு முன்னால் சீட்டைத் தொடாவிட்டால் வருஷம் விளங்காது என்பது அங்கே நம்பிக்கை. குழந்தைகள் பட்டாசு கேட்டு அழ, பெரியவர்கள் சீட்டைப் பார்க்காமலே 'பிளைண்ட்' ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

52 சீட்டில் மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அவற்றில் 16,440இல் ஜோடிகூடக் கிடையாது. ஆக, நான்கில் மூன்று முறை எல்லோர் கையும் காலிதான். ஜெயிப்பவன், கூசாமல் பணம் ஏற்றுகிறவன். இன்னொரு விசித்திரம்: மூன்று சீட்டில் ரன், கலரைவிட உசத்தி. போக்கரின் ஐந்து சீட்டில் கலர், ரன்னைவிட உசத்தி. காரணம் எளிது, எது அரிதோ அதற்கு மதிப்பு. மூன்று சீட்டில் ரன் 720 விதம், கலர் 1,096. ஐந்து சீட்டில் ரன் 10,200, கலர் 5,108. ஃப்ளஷ் ஆடிப் பழகியவர்கள் போக்கரில் முதலில் காசைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். நானும் தொலைத்தேன்.

சொல்லிலும் இப்படி ஒரு வேடிக்கை. நமக்கு இஸ்பேட் என்பது நான்கு வகையில் ஒன்று. கன்னடத்தில் சீட்டாட்டத்துக்கே பெயர் இஸ்பீட்டு. நம் ஊர்க் கிளாவர், டச்சு மொழியிலும் கிளாவர்தான். கப்பலில் வந்த ஆட்டம், வந்த இடத்திலெல்லாம் பெயரைக் கொஞ்சம் விட்டுச் சென்றிருக்கிறது. ஆனால் இந்த மண்ணுக்குச் சீட்டு புதிதல்ல. மைசூரை ஆண்ட மும்முடி கிருஷ்ணராஜ உடையார் கஞ்சிஃபா என்ற வட்டச் சீட்டில் புதுப்புது ஆட்டங்களை வகுத்தவர்.

மூன்றாவது மேஜை, 'ஹோல்டம்' போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. பிறகு மேஜை நடுவே மூன்று, ஒன்று, ஒன்று என ஐந்து பொதுச் சீட்டு. ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் ஏற்றலாம், தொடரலாம், அல்லது கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். பிறந்த இடம் டெக்சாஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்று அந்த மாநிலமே அங்கீகரித்திருக்கிறது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்கர் இணையத்தில் தகுதி பெற்று, லாஸ் வேகாஸில் உலகப் போட்டியை வென்று 25 லட்சம் டாலரை அள்ளினார். பணம் பண்ணுகிறவர் என்பது அவரது நிஜப் பெயர். கணக்கு எழுதுகிறவன் ஜெயித்தால், கம்ப்யூட்டர் தட்டுகிறவன் ஜெயிக்க முடியாதா என்று பெங்களூர் இளைஞர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

2013 அக்டோபரில் கர்நாடக உயர் நீதிமன்றம், திறமை ஆட்டமாக ஆடப்படும் வரை போக்கருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றது. அதன் பின் பெங்களூரில் போக்கர் ஒளிந்து ஆடும் ஆட்டமாக இல்லை. ஆனால் 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் இதே ஆட்டத்தைச் சூதாட்டம் என்றது. அதே 52 சீட்டு, அதே விதி. ஒரு மாநிலத்தில் மூளை, இன்னொன்றில் குற்றம்.

ரெசிடென்ஸி சாலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு போக்கர் ஆட்டக்காரர் ஞாபகம் வரும். 1868இல் தொடங்கிய பெங்களூர் கிளப் அங்கே இருக்கிறது. 1899 ஜூன் முதல் தேதியிட்ட பாக்கிதாரர் பட்டியலில் ஒரு இளம் ராணுவ அதிகாரியின் பெயர் உள்ளது. பாக்கி 13 ரூபாய். பெயர், வின்ஸ்டன் சர்ச்சில். அதே சர்ச்சில் 1946 மார்ச்சில், ஃபுல்டன் நகரில் 'இரும்புத் திரை' உரை நிகழ்த்தப் போகும் ரயிலில் அதிபர் ட்ரூமனுடன் போக்கர் ஆடி, பணம் விட்டார். உலகப் போரில் ஜெயித்தவருக்கும் சீட்டில் சலுகை கிடையாது.

ஹோல்டம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அது அல்சூர்ப் பெரியவரின் ஆட்டம். பத்துக் கை வந்தால் ஏழெட்டைக் கவிழ்க்க வேண்டும். மணிக்கு 25, 30 ஆட்டம்தான் நடக்கும். மீதி நேரம் மனிதர்களைப் பார்க்கலாம். பல் மருத்துவர் நல்ல கை வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். கோட்டயத்துக்காரர் பொய்க் கையில் டீ கேட்பார்.

நான்காவது மேஜை, ஓமஹா. ஹோல்டத்தில் சலித்த இளைஞர்கள் நள்ளிரவுக்கு மேல் இதற்குத் தாவுவார்கள். கையில் இரண்டுக்குப் பதில் நான்கு சீட்டு. ஹோல்டத்தில் தொடக்கக் கைகள் 1,326 விதம், இதில் 2,70,725. எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருக்கிற மாதிரியே தெரியும். ஆசையைக் கிளப்பும் ஆட்டம்.

முதல் நாளே அவமானப்பட்டேன். மேஜையில் நான்கு இஸ்பேட் விழுந்திருந்தது. என் கையில் இஸ்பேட் ஏஸ். ஜெயித்துவிட்டோம் என்று 3,000 ரூபாயை ஏற்றி, கையைப் பெருமையாக விரித்தேன். வங்கி மேலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெல்லச் சொன்னார்: "எரடு பேக்கு, சுவாமி." இரண்டு வேண்டும். ஓமஹாவில் கையிலிருந்து சரியாக இரண்டு, மேஜையிலிருந்து சரியாக மூன்று எடுத்துத்தான் ஐந்தைச் சேர்க்க முடியும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு இஸ்பேட். கலரே இல்லை. விதி தெரியாமல் போன காசை அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது.

ஐந்தாவது மேஜைக்குக் கால்கள் இல்லை. 2020இல் ஊரடங்கு வந்தபோது இந்திரா நகர் ஆட்டம் நின்றது. மன்றம் பூட்டப்பட்டது. கைபேசியில் ஆட்டம் திறந்தே இருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, போர்வைக்குள் ஆடினேன். ஒரே சமயத்தில் இரண்டு மேஜை. சீட்டு கலைக்க நேரமாகாது, எதிரே முகம் கிடையாது. நேரில் ஒரு மணி நேரத்தில் வரும் கைகள் கால் மணியில் வந்து போயின.

அப்போதுதான் ஒரு நாவல் மொழிபெயர்ப்புக்கு 60,000 ரூபாய் வந்திருந்தது. ஏழு மாத வேலை. பதினோரு இரவில் அது போனது. நான் திடீரென்று ஆடத் தெரியாதவனாகிவிடவில்லை. அதே மூளை, அதே கணக்குதான். நேரில் ஆடும்போது வங்கி மேலாளருக்குத் தூக்கம் வந்தால் ஆட்டம் முடியும். வீட்டுக்காரர் மனைவி விளக்கை அணைக்க வந்தால் முடியும். கடைசி மெட்ரோவைப் பிடிக்க ஓட வேண்டும். தோற்ற நாளில் யாராவது ஒருவர், "இன்னிக்குப் போதும், கிளம்புங்க" என்பார். கைபேசியில் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. பன்னிரண்டாம் நாள் காலை மனைவி பள்ளிக் கட்டணம் கட்டப் பணம் கேட்டாள். கணக்கு நோட்டை அவளிடம் கொடுத்தேன். அவள் படித்து முடிக்கும்வரை நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். திட்டவில்லை. "இத எழுதவாவது செஞ்சீங்களே" என்றாள். கட்டணத்துக்கு அவள் வளையலை அடகு வைத்தோம்.

நான் தப்பித்தவன். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில், இணைய ரம்மியில் கடன்பட்டவர்களின் தற்கொலைச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. அங்கு போட்ட தடையை 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் மறுபடியும் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடையை மட்டும் நீக்கியது. கர்நாடகமும் 2021இல் தடை போட, 2022 பிப்ரவரியில் அது உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் வாதம் ஒன்றே: இது திறமையா, அதிர்ஷ்டமா? 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் அந்த வாதத்தையே ஓரம் கட்டியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை என்று சட்டம் நிறைவேற்றியது. எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது.

சட்டம் சரியா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் நோட்டு சொல்வதை மட்டும் சொல்கிறேன். ரம்மியில் 3,200 வரவு. ஃப்ளஷில் 14,000 நஷ்டம். ஹோல்டத்தில் 21,500 வரவு. ஓமஹாவில் 9,700 நஷ்டம். ஆக, மனிதர்களோடு உட்கார்ந்து ஆடிய இத்தனை வருஷத்தில் நிகர லாபம் 1,000 ரூபாய். போர்வைக்குள் ஆடிய பதினோரு இரவில் நஷ்டம் 60,000. திறமை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆட்டத்திலும் கடைசித் திறமை எழுந்து வருவதுதான். அது எனக்குத் தனியாக இருந்தபோது இல்லை. மற்றவர்கள்தான் எனக்கு அதை இரவல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் நடந்தேன். அங்கே திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இலேயே தயாராகி, மொழித் தகராறில் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. பதினெட்டு வருஷம் காத்திருந்தவர். 94ஆவது அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கியவர். எம்.ஏ. வகுப்பில் அதை நடத்தியபோது, இது நமக்கில்லை என்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தது ஞாபகம் வந்தது. தோல்வியைவிட வெற்றியைக் கண்டுதான் அவர் அதிகம் பயப்படுகிறார். இரையைக் காட்டுகிற தூண்டில் அது என்கிறார்.

அங்கிருந்து பழைய மன்றத்துக்குப் போனேன். அதே மாடி, அதே மின்விசிறி. பெரியவர் இப்போது வருவதில்லையாம். அவர் நாற்காலியில் வேறு யாரோ. எனக்கும் ஒரு இடம் ஒதுக்கினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் ஜோக்கரும் இல்லாமல், ரன்னும் இல்லாமல் ஒரு கை வந்தது. கவிழ்த்து வைத்தேன். இருபது பாயிண்ட். ஒரு டீ சொல்லிவிட்டு, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.