பாமினியில் உறங்கிய கோப்பு

சென்ற மாதம் அட்டனிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "ஐயா, எங்கப்பா பேசுனத நீங்க எழுதிக்கிட்டுப் போனீங்களே, அது இன்னும் இருக்குங்களா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

2003ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்த வேளையில், அவருடைய தந்தையாரை லயத்தில் சந்தித்தேன். பெரியவர் றங்குப்பெட்டியைத் திறந்து, பொலித்தீன் பைக்குள் சுற்றிவைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மூன்று தாள்களில் அவர் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்தப் பங்கீட்டில் பெரியவரின் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனார். அப்படிப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள்.

இரண்டு மணி நேரம் பேசினார். பத்திரிகையில் நான்கு பந்திகளுக்கே இடம் கிடைத்தது. மிச்சத்தைத் தட்டச்சு செய்து கணினியில் வைத்திருந்தேன்.

"அப்பா போன வருசம் தவறிட்டாருங்க. மகன் தமிழ்நாட்டுக்குப் போறான். பெரியப்பா குடும்பம் எந்த ஊருன்னு அப்பா சொல்லுவாரு, எங்க யாருக்கும் ஞாபகமில்ல."

"தேடிச் சொல்கிறேன், அம்மா" என்று துணிந்து சொல்லிவிட்டேன்.

அந்தக் கணினி எப்போதோ போய்விட்டது. அதிலிருந்தவை குறுந்தட்டுகளுக்கு மாறி, பின்னர் ஒரு வெளிவட்டில் ஆயிரக்கணக்கான கோப்புகளாகக் குவிந்து கிடந்தன. கோப்பின் பெயர் நினைவில் இல்லை. 'அட்டன்' என்று தேடினேன். 'குடியுரிமை' என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டு இரவுகள் கழிந்தன.

மூன்றாம் நாள்தான் உறைத்தது. அன்று நாங்கள் எழுதியது பாமினி எழுத்துருவில். கண்ணுக்குத் தெரிந்தது தமிழ். கணினி சேமித்ததோ ஆங்கில எழுத்துகளை. 'மலையகம்' என்பது அதற்கு கே, ஐ, வை, ஏ, எஃப், கே, அரைப்புள்ளி. இன்றைய யூனிகோடில் தமிழுக்கென்று தனிக் குறியீட்டு வரிசை உண்டு. அந்தக் குறியீட்டைக் கொண்டு தேடினால் பாமினிக் கோப்பு எப்படி அகப்படும்?

'மலையகத்தில்', 'மலையகத்தார்' என்பவையும் சிக்கட்டும் என்று முதல் ஐந்து ஆங்கில எழுத்துகளை மட்டும், கோப்புகளின் உள்ளடக்கத்திலும் தேடுமாறு கொடுத்தேன். பதினொரு கோப்புகள் வந்தன. ஆறாவதின் பெயர் 'நியூ2'. திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. பாமினியை நிறுவி, முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவை மாற்றினேன். பெரியவர் பேசத் தொடங்கினார்.

"அண்ணன் தலைமன்னாருல கப்பல் ஏறுனாரு. கூடலூருப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல வேல கெடச்சதுன்னு ஒரே ஒரு கடுதாசி வந்துச்சு."

நீலகிரிக் கூடலூர். தோட்டத்தின் பெயரும் அடுத்த வரியில் இருந்தது.

எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடுக்குக் கொணர்ந்து, பிழை திருத்தி, அச்செடுத்துத் தபாலில் அனுப்பினேன். உங்களிடமும் பழைய பாமினிக் கோப்புகள் இருந்தால் இப்போதே மாற்றி வையுங்கள். கோப்புக்கு ஆளின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் இடுங்கள். 'நியூ2' என்று விட்டுவிடாதீர்கள்.

என் எண் எப்படிக் கிடைத்தது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். 2003இல் நான் கொடுத்த முகவரி அட்டை அதே றங்குப்பெட்டியில், அதே பொலித்தீன் பைக்குள் இருந்ததாம்.