மஞ்சள் இலைக்கு யூரியா... கரும்புகைக்கு இன்ஜெக்டர்!

“சார், பயிருக்கு வர்ற நோய்க்குத்தான் பதில் சொல்வீங்களா, வண்டிக்கு வர்றதுக்கும் சொல்வீங்களா?”

சென்ற மாதம் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பிக்கப் வண்டியில் இன்ஜின் விளக்கு அணையாமல் எரிகிறதாம். மேட்டில் இழுவை இல்லையாம், கரும்புகை தள்ளுகிறதாம். ‘இ.ஜி.ஆர் போயிடுச்சு, தகடு வெச்சு அடைச்சிடலாம்’ என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அடைக்கலாமா, கூடாதா என்பதுதான் அவர் கேள்வி.

நான் படித்தது வேளாண்மை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எங்கள் குடும்பம் கொடுத்த விலையும் இருக்கிறது. அன்று கூட்டத்தில் அவசரமாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

கொண்டை ஊசி வளைவில் நின்ற வண்டி

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். நிலத்தைத் தம்பிதான் பார்க்கிறான். சில வருடங்களுக்கு முன்பு, செகண்ட் ஹேண்டில் ஒரு பி.எஸ்-4 டீசல் பிக்கப்பைக் கடன் போட்டு வாங்கினான். காலையில் உர மூட்டை, தொழுவுரம் ஏற்றிக்கொண்டு பாச்சலூர் மலைக்குப் போவான். திரும்பும்போது பீன்ஸ், சௌசௌ, மலைவாழைத் தார் என்று ஏற்றிவந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவான். தவணை போக, வீட்டுச் செலவுக்கு நிற்கும்.

ஒரு வருடம் ஒழுங்காக ஓடிய வண்டி, பிறகு திணற ஆரம்பித்தது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. பாரத்தோடு மலை ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும். தம்பி போனில் சொன்னான். “டீசல்ல கலப்படம்டா, ஃபில்டரை மாத்து” என்றேன். மாற்றினான், சரியாகவில்லை. “அப்ப இன்ஜெக்டர்தான்” என்றேன். நான் வண்டியைப் பார்க்கவில்லை. யாரோ எங்கேயோ சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி சர்வீஸ் செய்து மாட்டியதில் 14,000 ரூபாய் போனது.

அடுத்த வாரமே, இருபது மூட்டையோடு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்று, பின்னால் உருள ஆரம்பித்திருக்கிறது. தம்பி பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கிறான். பக்கத்தில் இருந்த அவன் மகன் குதித்து ஓடி, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்திருக்கிறான். கல் நழுவியதில் இரண்டு விரல்கள் நசுங்கின. விரல்கள் பிழைத்துக்கொண்டன. ஒரு நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. மேலே பறித்து வைத்திருந்த பீன்ஸ் அன்று இறங்கவில்லை. மறுநாள் வாடிய காய்க்கு என்ன விலை கிடைக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் தம்பி கேட்டான். “அண்ணே, யாராவது மஞ்சள் இலையைக் காட்டி யூரியா போடட்டுமானு கேட்டா, தோட்டத்தைப் பார்க்காம சொல்ல மாட்டேன்னு சொல்வீங்க. என் வண்டிக்கு மட்டும் போன்லயே வைத்தியம் சொல்லிட்டீங்களே?”

எனக்குப் பதில் வரவில்லை.

புகார் மனுவும் விசாரணையும்

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, நானே அவனோடு திண்டுக்கல் சாலையில் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேட்டார். புகை கறுப்பா, வெள்ளையா, நீலமா? எப்போதும் வருகிறதா, பாரத்தோடு ஏறும்போது மட்டுமா? ரேடியேட்டர் கூலன்ட் குறைகிறதா? பிறகுதான் ஸ்கேனரைச் செருகினார். பி0402 என்று வந்தது. இ.ஜி.ஆர் வழியாகத் தேவைக்கு அதிகமாகப் புகை போகிறது என்று அர்த்தம். அதுவே பி0401 என்றால், போகவேண்டிய அளவுக்குப் போகவில்லை என்று அர்த்தமாம்.

“உடனே வால்வை மாத்திடலாமா?” என்றேன்.

“இது புகார் மனுதான் சார். இனிமேதான் விசாரிக்கணும்” என்றார்.

இ.ஜி.ஆர் என்றால் என்ன என்பதை நமக்குப் பழக்கமான தழைச்சத்திலிருந்தே சொல்கிறேன். காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராமல் சும்மா இருக்கும். டீசல் எரியும்போது உண்டாகும் கடும் வெப்பத்தில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறுகிறது. இது நச்சுப் புகை. இதைக் குறைக்கத்தான், சைலன்சருக்குப் போகும் புகையில் ஒரு பகுதியை ஒரு வால்வு வழியாக மறுபடியும் இன்ஜினுக்கே அனுப்புகிறார்கள். அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எரியும் வெப்பம் தணிகிறது. பாரத்தோடு மேடு ஏறும்போது இன்ஜினுக்கு முழுக் காற்றும் தேவை. அப்போது வால்வு மூடிக்கொள்ளவேண்டும். எங்கள் வண்டியில் அது மூடவில்லை. ஏற்றத்தில் நல்ல காற்று வரவேண்டிய இடத்தைப் புகை பிடித்துக்கொண்டதால்தான் இழுவை போனது.

அந்த வண்டியில் இருப்பது வேக்குவத்தால் திறக்கும் வால்வு. பெரியவர் அதன் மேலிருந்த சிறிய ரப்பர் குழாயைக் கழற்றி, ஒரு போல்ட்டால் அடைத்தார். குழாயைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடவேண்டும். ஆனால் இன்ஜின் ஓட்டத்தில் மாற்றமே இல்லை. ஆக, வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது என்று முடிவுக்கு வந்தார். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றிப் பார்த்தால், தார் காய்ச்சிய சட்டி மாதிரி உள்ளே விரல் தடிமனுக்குக் கரி. கிளீனர் ஸ்பிரே அடித்து, ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தே எடுத்துவிட்டார். புது கேஸ்கெட் வைத்து மாட்டினார்.

நான் பர்ஸை எடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கரியை எடுத்துட்டேன் சார். அது எங்கேருந்து வந்துச்சுனு பார்க்காம விட்டா, மூணு மாசத்துல மறுபடி வந்து நிப்பீங்க.”

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஓஸைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் புழுதி, எண்ணெயில் ஊறி சேறாக ஒட்டியிருந்தது. அந்த இடத்தை வளைத்தார். கிளிப்புக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஏற்றத்தில் டர்போ காற்றை அழுத்தும்போது, வெடிப்பு விரிந்து காற்று வெளியேறியிருக்கிறது. உள்ளே வந்த காற்றை முன்னாலேயே அளந்துவிட்ட கணினி, அதற்கேற்ற டீசலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. காற்று போதாமல் எரிந்த டீசல்தான் கரும்புகை. அந்தப் புகையே திரும்பிவந்து வால்வில் படிந்திருக்கிறது. ஓஸுக்கும் கூலிக்கும் சேர்த்து ஆன செலவு, இன்ஜெக்டருக்குச் செய்ததில் கால்வாசிகூட இல்லை.

பிறகு பெரியவர் தம்பியையும் விசாரித்தார். மார்க்கெட்டில் வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் ஓடவிடுவது, டீசல் மிச்சமாகும் என்று மேட்டிலும் பெரிய கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறுவது, காற்று ஃபில்டரை மறந்தே போவது என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். இவை அத்தனையும் கரி சேர்க்கும் பழக்கங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை

வால்வைக் கழற்றுவதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை. இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறிய பிறகு பாருங்கள்.

1. காற்று ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கதிரடிக்கும் களத்துக்குப் போகும் வண்டி என்றால் அடிக்கடி பாருங்கள்.

2. டர்போ, இன்டர்கூலர் ஓஸ்களைத் தடவிப் பாருங்கள். ஈரப் புழுதி ஒட்டியிருக்கும் இடத்தை வளைத்துப் பாருங்கள். கிளிப் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள்.

3. சிறிய வேக்குவம் குழாய்களையும் வயர்களையும் பாருங்கள். மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிற்கும் வண்டி என்றால், எலி கடித்திருக்க வாய்ப்புண்டு.

4. கீழே சொட்டாமலே கூலன்ட் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். இ.ஜி.ஆர் கூலர் உள்ளே ஓட்டையாகி, கூலன்ட் இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். உடனே காட்டுங்கள்.

5. மெக்கானிக்கிடம் போனதும், ஸ்கேனரில் வந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன்பு, ‘இதுதான் காரணம்னு எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேளுங்கள்.

சில வண்டிகளில் வேக்குவத்துக்குப் பதிலாக மின்மோட்டார் வால்வைத் திறக்கும். அதன் மோட்டார் பகுதியில் கிளீனர் படக்கூடாது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. அதனால், கரியைச் சுத்தம் செய்பவர் கையுறையும் முகக்கவசமும் போடட்டும். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது.

அடைக்கலாமா?

கூடாது. சட்டம் ஒரு காரணம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அதனால் அடைத்த வண்டி அங்கே தேறிவிடலாம். அதை வைத்து நல்ல வண்டி என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொரு காரணம், பயிர். நைட்ரஜன் ஆக்சைடு வெயிலில் மற்றப் புகைகளோடு வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகிறது. அந்த ஓசோன் இலைத்துளை வழியாக உள்ளே போய் இலையைக் கெடுத்து விளைச்சலைக் குறைக்கும். வண்டியில் அடைத்தது நம் வயலில்தான் வந்து இறங்கும்.

எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது காரணம். வால்வு திறந்தபடி சிக்கிய வண்டியில் தகடு வைத்தால், உடனே இழுவை கூடியது போலத் தெரியும். நோய் தீர்ந்தது என்று நம்பிவிடுவோம். வெடித்த ஓஸ் வெடித்தபடியே இருக்கும். எங்கள் வண்டியில் தகடு வைத்திருந்தால், இன்னும் இரண்டு மாதம் ஓடிவிட்டு, அதைவிட மோசமான ஒரு வளைவில் நின்றிருக்கும். பி.எஸ்-6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம் என்பதால், அடைத்தால் சிக்கல் கூடத்தான் செய்யும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் டிரெம்-4 புகை விதி வந்துவிட்டது. இந்த வால்வு பல டிராக்டர்களிலும் இருக்கிறது. ஆகவே, இது பிக்கப் வைத்திருப்பவர்களின் கவலை மட்டுமல்ல.

தம்பி வண்டி இன்றும் அதே மலைக்குத்தான் போய்வருகிறது. ஓஸைத் தடவிப் பார்ப்பது அவன் மகனின் வாராந்திர வேலை. அந்தக் கோணல் நகத்தைப் பார்க்கும்போதெல்லாம், போனில் வைத்தியம் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கூட்டத்தில் கேள்வி கேட்டவர் போன வாரம் அழைத்தார். அவர் வண்டியில் ஓஸ் நன்றாகவே இருந்ததாம். காற்று ஃபில்டர்தான் சோளத்தட்டைத் தூசியில் அட்டை மாதிரி இறுகிப் போயிருந்ததாம். ஃபில்டரை மாற்றி, வால்வையும் சுத்தம் செய்த பிறகு விளக்கு அணைந்துவிட்டதாம்.

“இனிமே மஞ்சள் இலைக்கு வர்றேன் சார்” என்றார்.

“வாங்க. ஆனா, தோட்டத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்வேன்” என்றேன்.