நாடி நின்ற நேரம்

அரபு மொழியில் வலிப்பை ‘ஸர்உ’ என்பர். மயக்கத்தைக் ‘கஷ்யு’ என்பர். முன்னதன் வேர்ப்பொருள் தரையில் வீழ்த்துதல். பின்னதன் வேர்ப்பொருள் மூடிக்கொள்ளுதல். கி.பி. 1037இல் மறைந்த பேரறிஞர் இப்னு ஸீனா, தம் ‘கானூன்’ நூலின் மூன்றாம் பகுதியில் முன்னதைத் தலையின் நோய்களோடும், பின்னதை இதயத்தின் நோய்களோடும் வைத்து விளக்கினார். இரண்டும் ஒளுவை முறிப்பவை என்று பிள்ளைகளுக்குப் பல்லாண்டுகள் பாடம் சொன்னவன் நான். ஒன்று மற்றொன்றை அழைத்துவரக்கூடும் என்பதை மட்டும் என் தங்கை மகன் வழியாகவே கற்றேன்.

அவன் திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் செய்பவன். நம்மூர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவுக்கே இனிப்பு வழங்கியவன். அதன்பின் ஒரு நோய் அவனைப் பற்றியது. பேசிக்கொண்டிருக்கையில் பார்வை ஓரிடத்தில் நிலைக்கும். வெறும் வாயை மெல்லுவான். விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவும். சிறிது நேரத்தில் தெளிவான். சில வேளைகளில் மட்டும் முகம் வெளிறி, நனைந்த துணிபோல் துவண்டு விழுவான்.

“அண்ணே, வெளியே தெரிந்தால் இவன் தங்கைக்கு யார் நிக்காஹ் பேச வருவார்கள்?” என்று என் தங்கை அழுதாள். மறைத்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் நானே. பூட்டு ஊரில் இரும்புக்கா பஞ்சம்? அவன் விழும்போதெல்லாம் கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். தானே தெளிபவனைச் சாவி தெளிவித்ததாக நம்பினோம். ஈராண்டுகள் வீணாயின.

ஒரு நாள் மஃரிபு வேளை. பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் ஒளுச் செய்துகொண்டிருந்தவன் வாயை மெல்லத் தொடங்கினான். நான் எட்டிப் பிடிக்குமுன் தண்ணீரில் சரிந்தான். தூக்கிக் கிடத்தி மணிக்கட்டைப் பற்றினேன். நாடி இல்லை. கழுத்தைத் தொட்டேன்; அங்கும் இல்லை. என் நாவு அறியாமலே தஸ்பீஹ் சொல்லிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது ‘சுப்ஹானல்லாஹ்’வுக்குப் பின்னரே, தயங்கித் தயங்கி ஒரு துடிப்பு வந்தது.

மறுநாள் மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் மறைத்தவற்றையெல்லாம் சொன்னேன். அந்தப் பன்னிரண்டு தஸ்பீஹையும் சொன்னேன். “ஹஜ்ரத், எனக்கு வேண்டிய செய்தி இதுதான்” என்றார் அவர். மூளையின் மின்னலைகளையும் இதயத்தின் மின்னலைகளையும் ஒருசேரப் பதிவு செய்தார்கள். மூன்றாம் இரவு, நெற்றிப்பொட்டை அடுத்த மூளைப் பகுதியில் வலிப்புத் தொடங்கியது, சில விநாடிகளில் இதயத்தின் கோடு நேர்கோடாயிற்று, பின்பு மீண்டது.

வலிப்பின்போது பெரும்பாலோருக்கு இதயம் விரைந்தே துடிக்கும். இதயத்தை ஆளும் மூளைப் பகுதிகளை வலிப்புத் தீண்டினால், அரிதாகச் சிலருக்கு, வேகஸ் நரம்பின் வழியே ‘அடங்கு’ என்னும் ஆணை மிகுந்து இதயம் தளரும், நிற்கவும் கூடும். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ளோரிலும் இது ஆயிரத்தில் மூவர் அளவுதான். வலிப்பின் தொடக்கத்தில் நாடி மறைவதை 1906இலேயே ரஸல் என்னும் ஆங்கில மருத்துவர் ‘லான்செட்’ இதழில் எழுதினார். அவரும் விரலால்தான் அறிந்தார். பெரும்பாலும் இதயம் தானே மீளும்; ஆயினும் திடீரென விழுவதில் பேராபத்து உண்டு. முதல் மருத்துவம் வலிப்பை அடக்குவது; அதன்பின்னும் இதயம் நின்றால் பேஸ்மேக்கர். இதற்கு மறுதலையும் உண்டு: இதயக் கோளாறால் மயங்குபவர் கைகால் உதறுவதை வலிப்பென்று பிழையாகக் கொள்வோர் பலர்.

ஆகவே, பெற்றோர்களே, வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். நேரத்தைக் கணக்கிடுங்கள், ஐந்து நிமிடம் கடந்தால் 108ஐ அழையுங்கள். மூச்சும் நாடியும் மீளாவிடில் உடனே 108ஐ அழைத்து மார்பை அழுத்துங்கள். விறைத்தாரா, துவண்டாரா, முகம் சிவந்ததா, வெளிறியதா என்று கண்டதை மருத்துவரிடம் மறையாமல் சொல்லுங்கள்.

மருந்தும் பேஸ்மேக்கரும் பெற்றபின் என் மருமகன் விழவில்லை. அவன் தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களிடம் நானே யாவற்றையும் சொன்னேன். சற்று மௌனமாக இருந்த பெரியவர், “மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுகிறாரா?” என்று மட்டும் கேட்டார். இதற்காகவா ஈராண்டுகள் அஞ்சினோம்! சாவிக்கொத்து இப்போது வாசற்கதவின் ஆணியில் தொங்குகிறது. அதன் இடம் அதுவே.