சபரும் சான்றுச் சீட்டும்

அரபு மொழியில் ‘ஷஹாதா’ என்பது பல பொருள் தரும் ஒரு சொல். நாவால் கலிமாவை மொழிவதும் ஷஹாதா. காழியின் முன் நின்று, கண்டதைக் கண்டபடி உரைப்பதும் ஷஹாதா. இறைவழியில் உயிர் துறப்பதும் ஷஹாதா. கல்விக்கூடம் வழங்கும் தேர்ச்சிச் சான்றுக்கும், மருத்துவர் எழுதித் தரும் சான்றுக்கும் பிற்காலத்தில் அப்பெயரே அமைந்தது. 2020ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ மூன்றாண்டு காலம், கடல் கடக்க விரும்பிய ஒவ்வொருவரும் ஒரு தாளைக் கையில் ஏந்தித் திரிய நேர்ந்தது. இன்னாருடைய மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியில் கொரோனாக் கிருமி காணப்படவில்லை என்று சொல்லும் தாள் அது. அத்தாளை இச்சொல்லின் ஒளியில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதனைச் சுமந்தவர்களில் பலர் அதை ஒரு தொல்லையாகக் கண்டனர். சிலர் அதை விலைக்கு வாங்கும் பொருளாகவே கண்டனர். அது ஒரு சாட்சியம் என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

பயணத்தையும் கொள்ளைநோயையும் இணைத்துப் பேசும்போது, மார்க்கம் கற்றோர் நெஞ்சில் முதலில் எழுவது ‘ஸர்க்’ என்னும் ஊரின் பெயராகும். ஹிஜாஸுக்கும் ஷாமுக்கும் இடைப்பட்ட எல்லையில், தபூக்கின் பக்கத்தில் அமைந்த ஊர் அது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை ஒட்டி, கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தைப் பார்வையிடப் புறப்பட்டு அவ்விடம் வந்தடைந்தார்கள். படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்களும் பிறரும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவிவிட்டது என்று தெரிவித்தார்கள். வரலாற்றில் ‘அம்வாஸ் கொள்ளைநோய்’ என்று பெயர் பெற்றது அதுவே. கலீபா அவர்கள் முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசனை கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்சாரிகளை அழைத்தார்கள், அங்கும் அவ்வாறே. பிறகு குறைஷிப் பெரியோர்களை அழைத்தார்கள். அவர்கள் மட்டும் ஒரே குரலில் திரும்பிச் செல்வதே நன்று என்றார்கள். மறுநாட்காலை திரும்புவதென்று முடிவாயிற்று.

இறைவன் விதித்ததினின்றும் ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா அவர்கள் விடையிறுத்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை செழித்தும் மறு கரை வறண்டும் கிடக்குமானால், ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது இறைவிதிப்படியே ஆகும் என்று உவமையும் காட்டினார்கள். அவ்வேளையில் வேறொரு அலுவலாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து சேர்ந்து, இது குறித்து அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை எடுத்துரைத்தார்கள். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழையலாகாது. நாம் இருக்கும் ஊரில் அது கண்டால் அதற்கு அஞ்சி வெளியேறலாகாது என்பது அதன் சாரம். புகாரி நூலின் மருத்துவப் பகுதியில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இக்கட்டளைக்கு இரு முகங்கள் உண்டு என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். நுழையாதே என்பது நம்மைக் காக்கும் முகம். வெளியேறாதே என்பது பிறரைக் காக்கும் முகம். முதலாவதை ஏற்பது எவர்க்கும் எளிது. இரண்டாவதை ஏற்பதில்தான் ஈமானின் எடை தெரியும். வெளியேறாமல் பொறுமையோடு தங்கி, அந்நோயால் இறப்பவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டென்று ஏந்தல் (ஸல்) அவர்கள் அருளினார்கள். தம் வசதியைத் துறந்து அயலாரைக் காத்தவருக்கு அந்தப் பெரும்பெயர் கிடைக்கிறது. ஹாபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தம் புதல்வியரையே கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர்கள். அந்நோய் பற்றிய நபிமொழிகளைத் திரட்டி ‘பத்லுல் மாஊன்’ என்னும் நூலை யாத்தார்கள். அதனைக் கையில் எடுக்கும்போதெல்லாம், ஒரு தந்தையின் துயரமும் ஓர் அறிஞரின் நிதானமும் ஒரே ஏட்டில் குடியிருப்பதை நாம் உணர்கிறோம்.

நோயைக் காரணமாக்கிப் பயணியை நிறுத்திவைக்கும் முறைக்கு நெடிய வரலாறு உண்டு. 1377இல் அத்ரியாத்திக் கடலோரத்து ரகூசா நகரம், நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் வெளியே தங்கவைத்தது. அது பிறகு 40 நாளாயிற்று. வெனிஸ் நகரத்தார் மொழியில் நாற்பதைக் குறித்த சொல்லே ‘குவாரன்டைன்’ ஆகி, அரபியில் ‘கரன்தீனா’வும் ஆயிற்று. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் காலரா புகுந்தது. கூடியிருந்த ஏறத்தாழ 90,000 பேரில் 15,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்பட்டது. திரும்பிய கப்பல்களோடு நோய் எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. அதன் விளைவாக 1866இல் இஸ்தான்பூலில் பன்னாட்டு மாநாடு கூடிற்று. 1882இல் செங்கடலின் தென்பகுதியில் உள்ள கமரான் தீவில் தடுப்புநிலையம் எழுந்தது. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் சென்ற ஹாஜிகள் அங்கே இறக்கப்பட்டு, குளிக்கவைக்கப்பட்டு, ஆடைகள் நீராவியில் இடப்பட்டு, கட்டணமும் செலுத்திய பின்பே ஜித்தாவுக்கு விடப்பட்டனர். நம் கரையிலும் இதற்கொரு நிகர் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்ட பின்பே கடல் கடக்கவிடப்பட்டனர். ஆக, 2020இல் வந்தது புதுமையன்று. பழைய தடுப்புமுறை புதிய உடை அணிந்து வந்தது என்பதே மெய்.

அந்தப் புதிய உடையின் நூலிழைகளைச் சற்று விரித்துக் காண்போம். 2020 பிப்ரவரி 27இல் சவூதி அரசு வெளிநாட்டாரின் உம்றாப் பயணத்தை நிறுத்திற்று. அவ்வாண்டு ஹஜ், நாட்டினுள்ளே வசித்த மிகச் சிலரோடு நிறைவேறிற்று. 2021இல் சுமார் 60,000 பேருக்கு இடமளிக்கப்பட்டது. இந்தியா 2020 மார்ச் மாதத்தில் நிறுத்திய வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து, 2022 மார்ச் 27இல்தான் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் நாடுகள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு விட்ட சிறப்பு விமானங்களே கதியாயின.

விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. ஒரே நாட்டிலும் திங்களுக்குத் திங்கள் மாறின. இந்தியாவுக்குள் வருவோர்க்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனை வேண்டும். 2021 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகம் திரும்பியோர்க்கு, மாதிரி எடுத்து 48 மணி நேரம் கடந்திராத சான்று வேண்டும். அதற்கும் மேலாகப் புறப்படும் விமான நிலையத்தில் சில மணி நேரத்துக்கு முன் விரைவுச் சோதனை ஒன்றும் வேண்டும். கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதுதான் பலரை வீழ்த்திய கேள்வி. சோதனையின் முடிவு கைக்கு வந்த நேரம் வேறு, மாதிரி எடுத்த நேரம் வேறு. வியாழன் காலை 8 மணிக்கு மாதிரி கொடுத்தவர், சனி விடியற்காலை 4 மணிக்கு விமானம் ஏறினால் 44 மணி நேரம், சான்று செல்லும். அதே விமானம் ஐந்து மணி நேரம் தாமதித்துப் புறப்பட்டால் 49 மணி நேரம், சான்று வெறுந்தாளாகிவிடும். முன்கூட்டிக் கொடுத்தால் காலாவதி. பிந்திக் கொடுத்தால் முடிவு வந்து சேராது. இந்த இரண்டுக்கும் நடுவேயுள்ள இடுக்கில் நுழைந்து புறப்பட்டவர்களே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

சவூதிக்குச் செல்வோர் நிலை இன்னும் கடினமாயிருந்தது. 2021 பிப்ரவரி 3 முதல் இந்தியா உள்ளிட்ட 20 நாடுகளிலிருந்து நேரே நுழைய முடியாதென்றாயிற்று. எனவே நம் பிள்ளைகள் மூன்றாவது நாடொன்றில் 14 நாள் தங்கி, அங்கே சோதனை கொடுத்து, அங்கிருந்து சென்றார்கள். அவ்வாறு தங்கிய செலவுக்காக எத்தனை வீடுகளில் நகைகள் அடகு போயின என்பதை அந்த வீடுகளே அறியும். 2021 டிசம்பர் 1இல் நேர்வழி திறந்தது. 2022 மார்ச்சில் சோதனைச் சான்று வேண்டும் என்ற விதியும் நீங்கிற்று.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். வளைகுடா நாடொன்றில் பணியாற்றுபவர். விடுமுறையில் வந்து சிக்கிக்கொண்டவர். குடியிருப்பு அனுமதி முடிய எட்டு நாட்களே எஞ்சியிருந்தன. “ஹஜ்ரத், பயண முகவர் ஒருவர் மூக்கைத் தொடாமலே சான்று தருவதாகச் சொல்கிறார். கிருமி இல்லை என்று எழுதி, மூன்று மணி நேரத்தில் கையில் தந்துவிடுவாராம். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. வேலை போனால் மூன்று தங்கைகளின் வாழ்வு என் கண்முன் நிற்கிறது. நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் ஆகும் என்று தாங்கள்தானே ஓதிக்கொடுத்தீர்கள்?” என்றார்.

அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. நாம் முஃப்தியல்லர்; எனினும் ஓதிக்கொடுத்தவர் என்ற கடமை உண்டு. “தம்பி, நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கு அடுத்த வரியையும் நீங்கள் ஓதியிருக்கிறீர்கள். ஒரு தீங்கை, அதற்கு நிகரான மற்றொரு தீங்கைக் கொண்டு நீக்கலாகாது என்று ஃபுகஹாக்கள் வரையறுத்திருக்கிறார்கள். பசித்தவன் செத்த பிராணியை உண்ணலாம். பசித்த இன்னொருவனின் உணவைப் பறித்து உண்ணலாகாது. உடம்பில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். அதை அறிவதற்காகவே அந்தச் சோதனை இருக்கிறது. விமானத்தில் உங்களருகே அமர்பவர் அந்தத் தாளை நம்பியல்லவா மூச்சு விடப்போகிறார்?” என்றோம். பெரும்பாவங்களை எண்ணிக் கூறிய நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சியத்தின் பெயர் வந்ததும் சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, தோழர்கள் போதுமென எண்ணும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கூறிய செய்தியையும் நினைவூட்டினோம்.

அவர் நேர்வழியில் மாதிரி கொடுத்தார். கிருமி உண்டென்று முடிவு வந்தது. மாடி அறையில் தனித்திருந்தார். கீழே வயது முதிர்ந்த தாயார். விமானச் சீட்டின் பணம் போயிற்று; அனுமதியும் காலாவதியாயிற்று. பல மாதங்கள் சென்று வேறொரு நிறுவனத்தில், முன்னையினும் குறைந்த சம்பளத்தில் பணி கிடைத்தது. வாய்மையின் விலை சில வேளைகளில் ரொக்கமாகவே வசூலிக்கப்படுகிறது. கொடுத்தவருக்கு அதன் கூலி எங்கே எழுதப்படும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த அறிவைக் கொண்டு அவருடைய இழப்பைச் சிறிதென்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆகவே, விதிக்குக் கட்டுப்படுவோரின் கடமையைப் பேசிய நாம், விதி வகுப்போரின் கடமையையும் பேசியாக வேண்டும். அந்தச் சோதனை கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் காண்பது. நோய் நீங்கிப் பிறருக்குத் தொற்றாத நிலை வந்த பின்பும், அத்துணுக்குகள் வாரக்கணக்கில் உடலில் எஞ்சி ‘உண்டு’ என்றே காட்டலாம். தொற்றிய முதல் ஓரிரு நாளில் ‘இல்லை’ என்றும் காட்டலாம். இதை அறிந்து, குணமடைந்ததற்கான சான்றைச் சில நாடுகள் ஏற்றன, பிற ஏற்கவில்லை. தடுப்பூசியிலும் அவ்வாறே. கோவிஷீல்டு போட்டவர்க்குத் திறந்த கதவு, கோவாக்சின் போட்டவர்க்கு நெடுநாள் மூடிக் கிடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 3இல்தான் அதனைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஊரில் எது கிடைத்ததோ அதைப் போட்டுக்கொண்ட ஏழைத் தொழிலாளி, அந்த வேற்றுமையை எங்ஙனம் அறிவான்? உமர் (ரலி) அவர்கள் முடிவெடுக்குமுன் மூன்று கூட்டத்தாரைக் கேட்டார்கள். தம்மை மறுத்துப் பேசியவருக்கும் உவமை கூறி விளக்கினார்கள். எடுத்த முடிவு முதலில் தம்மையே திருப்பி அனுப்பிற்று. ஆணையிடுவோர்க்கு அதைவிட நல்ல இலக்கணம் வேறில்லை.

ஹஜ், உம்றா நாடுவோர்க்கு நம் ஃபிக்ஹு நூல்களில் இதற்கென்றே ஒரு வாசல் திறந்துள்ளது. நோயுற்றிருந்த ளுபாஆ பின்த் ஸுபைர் (ரலி) அவர்களிடம், ஹஜ்ஜுக்கு நிய்யத் செய்யும்போதே, தடை நேரும் இடத்தில் இஹ்ராமைக் களைவேன் என்று நிபந்தனை கூறிக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவ்வாறு நிபந்தனையிட்டவர் நோய் தடுத்தால் விடுபடலாம் என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனபி மத்ஹபிலோ நோயும் தடையாகவே கொள்ளப்பட்டு, குர்பானி கொடுத்து விடுபட வழியுண்டு. தடுக்கப்பட்ட பயணத்துக்கும் மார்க்கத்தில் முறையும் கண்ணியமும் உண்டென்பதற்கு, ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யாவிலிருந்து திரும்பிய அந்த உம்றாவே சான்று.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் கொரோனா நெருக்கடிநிலையை விலக்கிக்கொண்டது. எனினும் சான்றுச் சீட்டுகள் உலகை விட்டு நீங்கவில்லை. ஹாஜிகளுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். மஞ்சள் காய்ச்சல் பரவிய ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்குச் சென்று மீள்வோர்க்கு அதற்கான சான்று வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பின்பே அது செல்லுபடியாகும். ஆதலால் சபருக்கு நாள் குறிப்பவர், பயணச் சீட்டுக்கு முன் சான்றின் கணக்கைப் பார்ப்பாராக. எந்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள், இடையில் இறங்கும் நாட்டின் விதி என்ன, கடவுச்சீட்டிலுள்ள பெயரும் சான்றிலுள்ள பெயரும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒத்திருக்கின்றனவா என்பவற்றைக் கேட்டறிவாராக. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் முறை இதுவேயாகும்.

நாளை மற்றொரு நோய் வரலாம். மற்றொரு தாள் கேட்கப்படலாம். அதில் எழுதப்படுவது மெய்யாயிருக்கட்டும். எல்லையில் அதைச் சரிபார்க்கும் அலுவலர் சில விநாடிகளில் நம்மை அனுப்பிவிடுவார். ஷஹாதா என்னும் பெயரைத் தாங்கிய எதுவும் அவரோடு முடிந்துவிடுவதில்லை என்பதை நாம் அனைவரும் நெஞ்சில் கொள்ள வல்ல நாயன் அருள்வானாக.