பசு கற்பித்த இலக்கணம்

கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணத்தை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது என்பது உபாத்தியாயத் தொழிலில் தீராத விசாரம். நாம் மாட்டுத் தொழுவத்திலிருந்து தொடங்குவதென்று வெகு நாட்களுக்கு முன்பே தீர்மானித்துவிட்டோம். பனிமழையைக் கண்ட பிள்ளை நம் ஊரில் இல்லை. பசுவைக் காணாத பிள்ளையும் இல்லை.

உண்மையில் இலக்கணத்தில் பெரும்பகுதி தொழுவத்திலேயே கட்டிக் கிடக்கிறது. ஒரு பசு மேய்ந்தால், 'எ கௌ ஈட்ஸ் கிராஸ்'. பல பசுக்கள் மேய்ந்தால், 'கௌஸ் ஈட் கிராஸ்'. பெயரில் 'ஸ்' ஏறும்போது வினையிலிருந்து 'ஸ்' இறங்கிவிடுகிறது. எருதாகிய 'ஆக்ஸ்' பன்மையில் 'ஆக்ஸன்' ஆகிறது. செம்மறியாகிய 'ஷீப்', ஒன்றானாலும் நூறானாலும் 'ஷீப்' தான். பசுவின் கன்று 'காஃப்'. வெள்ளாட்டின் குட்டி 'கிட்'. செம்மறியின் குட்டியோ 'லாம்'. இளமைப் பெயர்களுக்கென்று தொல்காப்பியர் மரபியலில் சூத்திரம் செய்திருக்கிறார் என்று சொன்னால், இங்கிலீஷ்காரருக்கும் அந்த வழக்கம் உண்டா என்று பிள்ளைகள் வியப்பார்கள்.

சென்ற வருஷம் ஆறாம் வகுப்பில் 'ஹாவ்' என்னும் வினையைக் கற்பித்தோம். "எங்களுக்கு ஒரு பசு உண்டு" என்கிறது தமிழ். அங்கே எழுவாய் பசு. உடையவன் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறான். 'உண்டு' என்பது குறிப்பு வினை. காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. ஆங்கிலத்திலோ உடையவனே எழுவாய். 'ஹாவ்' நிகழ்காலம், 'ஹாட்' இறந்த காலம். இவ்வளவும் விளக்கிவிட்டு, 'வீ ஹாவ் எ கௌ' என்று கரும்பலகையில் எழுதி, அவரவர் வீட்டுக் கால்நடையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னோம்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் ஐந்து வாக்கியத்தையும் இறந்த காலத்தில் எழுதியிருந்தான். 'வீ ஹாட் எ கௌ' என்பது முதல் வாக்கியம். ஐந்தையும் சிவப்பு மையால் அடித்துப் பூஜ்யம் போட்டோம். அதோடு விட்டோமா? "ஹாவுக்கும் ஹாட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன்" என்று வகுப்பறிய ஏளனமும் செய்தோம்.

பையன் தலை குனிந்து நின்றான். பக்கத்துப் பையன்தான் மெதுவாக எழுந்து, "ஸார், அவங்க பசுவைப் போன வாரம் சந்தையிலே வித்துட்டாங்க" என்றான்.

"அதனாலேதான் 'ஹாட்' போட்டேன், தப்பா ஸார்?" என்று கேட்டான் கடைசி பெஞ்சுப் பையன்.

நமக்கு நா எழவில்லை. மற்ற நோட்டுகளைப் புரட்டினோம். தொழுவமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் கரும்பலகையைப் பார்த்து 'வீ ஹாவ் எ கௌ' என்றே எழுதியிருந்தார்கள். அவற்றுக்கெல்லாம் முழு மார்க்குக் கொடுத்திருந்தோம். வகுப்பு முழுவதிலும் வினையின் காலத்தைக் கொண்டு உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவனே. பி.ஏ. படித்த நாம் அதைத் தப்பென்று அடித்தோம். நம்முடைய சிவப்புக் கோடுகளை நாமே அடித்து, முழு மார்க்குப் போட்டு, தவறு நம்முடையதே என்று அதே வகுப்பில் ஒப்புக்கொண்டோம்.

அரையாண்டுப் பரீட்சையில் மறுபடி அதே மாதிரிக் கேள்வி. அவன் எழுதியிருந்தான்: 'வீ ஹாவ் எ கிட் நௌ.' குட்டியொன்று வந்திருக்கிறது!

அந்த 'நௌ'வை நாம் கற்பிக்கவில்லை.