காப்பியில் கலந்த பொடி

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். ஆண்டுதோறும் எங்களுள் ஒருவருக்குத் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தும் முறை வந்துவிடும். பொருட்பாலில் 93-ஆம் அதிகாரம். பத்துக் குறளையும் பதம் பிரித்து, உரை வேறுபாடு கூறி, அணி சுட்டிவிட்டு, மணி அடித்ததும் இறங்கி வருவோம். 2014-இல் அவ்வாறு நடத்திவிட்டு வீடு திரும்பிய ஒரு மாலையில்தான் தம்பியின் காப்பியில் அந்தப் பொடியைக் கலந்தோம்.

எங்களுள் ஒருவருக்கு அவன் உடன்பிறந்தவன், மற்றவருக்குக் கொழுந்தன். இருவருமே தம்பி என்றுதான் அழைப்போம். லேத் பட்டறை வைத்திருந்தான். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படி வீணாகும் தொழில். மாலையில் மட்டும் இருந்த குடி மெல்லக் காலைக்கும் நகர்ந்தது. முதல்நாள் மிச்சத்தில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் விரல் நடுக்கம் நின்று வெர்னியரைப் பிடிக்க முடியும் என்ற நிலை. சத்தியம் வாங்கினோம், கோயிலில் கயிறு கட்டினோம். ஒரு தீபாவளிக்கு அறையில் வைத்துப் பூட்டினோம். மூன்றாம் நாள், சுவரெங்கும் எறும்பு ஊர்கிறது என்று அலறினான், வலிப்பும் வந்தது. அஞ்சி நாங்களே ஒரு குவார்ட்டர் வாங்கி வந்து கொடுத்தோம். எவரிடமும் இதுவரை சொல்லாத செய்தி இது.

பொடியைத் தந்தவர் மருந்துக்கடையில் பணிபுரிந்த ஒரு பரிச்சயக்காரர். சொல்லாமல் கலந்து கொடுங்கள், தானே வெறுத்துவிடுவார் என்றார். டைசல்ஃபிரம் என்பது அம்மருந்தின் பெயர். டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகப்சன் என்னும் இருவர் குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று இதை ஆராய்ந்தவர்கள்; தாமே விழுங்கிப் பார்த்துவிட்டு மது அருந்தியபோது உடல் படாத பாடு பட்டது. 1948-இல் அதைக் குடிநோய்க்கு மருந்தாக வெளியிட்டார்கள். கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாகவும், பிறகு தீங்கற்ற ஒன்றாகவும் மாற்றுகிறது. இம்மருந்து இரண்டாம் படியை அடைத்துவிடுகிறது. நச்சு உடலிலேயே தேங்கும்.

நான்காம் நாள் ஒரு வளைகாப்பு வீட்டின் பின்புறம் தம்பி குடித்தான். முகமும் கழுத்தும் செங்கல்லாய்ச் சிவந்தன. நெஞ்சு படபடக்க வாந்தி எடுத்தான். இரத்த அழுத்தம் சரிந்து நினைவு தப்பியது. மருத்துவமனையில், வேறு மாத்திரை ஏதேனும் உட்கொண்டாரா என்று மருத்துவர் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பத்து நிமிடம் பேசவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் அவன் இறந்திருக்கக் கூடும். பிறகு சொன்னோம். "தெரிந்து சாப்பிட்டால்தான் அது மருந்து," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

பிழைத்தான். மனநல மருத்துவப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான், நாங்கள் பூட்டி வைத்த அந்த மூன்று நாட்களின் பொருள் எங்களுக்கு விளங்கியது. மது மூளையின் பரபரப்பை அடக்குகிறது. பல்லாண்டு அவ்வாறு அடக்கப்படும் மூளை, ஈடுகட்டத் தன் பரபரப்பைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் கூட்டி வைத்தது முழுவதும் கட்டவிழ்கிறது. நடுக்கமும் வலிப்பும் எறும்புகளும் அதனால் வந்தவையே. மன உறுதிக் குறைவன்று. குளோர்டையசிப்பாக்சைடு கொடுத்து நாள்தோறும் அளவைக் குறைத்தார்கள்; நரம்பைக் காக்கத் தயாமின் ஊசியும் போட்டார்கள்.

இதனினும் எங்களை உலுக்கியது வேறொன்று. குடிக்கத் தொடங்கிய காலந்தொட்டே தம்பி ஒரு வாக்கியம் சொல்லுவான்: "அண்ணி, குடிக்கப் பிடிக்கவே இல்லை. குடிக்காமல் இருக்கத்தான் முடியவில்லை." திரைப்பட வசனம் என்று நகைத்திருக்கிறோம். சாக்கு என்று சினந்திருக்கிறோம்.

மருத்துவர் தந்த கட்டுரைகளைப் படிக்கத் தொடங்கினோம். 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளையில் மின்கம்பி செருகி, அது தானே மின்சாரம் பாய்ச்சிக்கொள்ள ஒரு நெம்புகோலும் வைத்தார்கள். எலி ஓயாமல் அழுத்தியது. அவ்விடத்தை இன்பத்தின் இருப்பிடம் என்றே நெடுங்காலம் கருதினார்கள். அங்குச் செயல்படும் டோபமினை இன்பத்தின் வேதிப்பொருள் என்று இன்றும் நாளிதழ்கள் எழுதுகின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் அதைப் புரட்டிப் போட்டார். டோபமின் ஏறத்தாழ முற்றிலும் அழிக்கப்பட்ட எலிகள் உணவை நாடவே இல்லை. ஆயினும் நாவில் சர்க்கரைக் கரைசலை விட்டால் உதட்டை நக்கிச் சுவைத்தன! விழைவு வேறு, சுவை வேறு; இரண்டுக்கும் மூளையில் தனித்தனிப் பாதைகள். போதைப்பொருள் விழைவின் பாதையை மேன்மேலும் கூர்மையாக்குகிறது. சுவை கூடுவதில்லை, தேய்ந்தும் போகலாம். பிடிக்காத ஒன்றை அடங்காமல் வேண்டும் நிலை உண்மையிலேயே உண்டு.

தம்பி சொன்னது அதைத்தான். வாக்கியத்தைப் பகுத்துப் பொருள் காண்பதையே தொழிலாகக் கொண்ட இருவர், பக்கத்து அறையில் இருந்தவனின் ஒற்றை வாக்கியத்தைப் படிக்கத் தவறினோம்.

மருத்துவர் நால்ட்ரெக்ஸோன் பரிந்துரைத்தார். இது கல்லீரலில் பொறி வைப்பதில்லை. மது உள்ளே போனதும் மூளை தானே சுரக்கும் அபினி போன்ற பொருள்கள் டோபமினைத் தூண்டுகின்றன. அவை அமரும் இடங்களில் இம்மருந்து முன்கூட்டியே அமர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் குடிநோய்க்கு 1994-இல் ஒப்புதல் பெற்றது. நாளுக்கு 50 மில்லிகிராம். கல்லீரலைச் சோதித்த பிறகே கொடுத்தார்கள். இம்முறை மருத்துவர் எங்களை வெளியே அமர்த்திவிட்டு அவனிடமே பேசினார். அவனே ஒப்புக்கொண்டான்.

ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று உறவினர் கேட்டார்கள். இதில் போதையும் இல்லை, பழக்கமும் உண்டாகாது. அம்மா பல்லாண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மன உறுதி இருந்தால் மாத்திரை எதற்கு என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களுள் ஏறத்தாழ 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஏனைய 37 வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கயிறு, சத்தியம், பூட்டு, பொடி.

மாயம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. இம்மருந்து எல்லாருக்கும் பலிப்பதில்லை, பலித்தவர்க்கும் ஓரளவே. இரண்டாம் மாதம் தம்பி குடித்துவிட்டு வந்தான். "சப்பென்று இருந்தது அண்ணா," என்றான் வியப்போடு. பாதிப் புட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்! 2016-இல் மாத்திரையை நிறுத்தி மறுபடி விழுந்தான். 2019-இலும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அவனே மருத்துவமனைக்குப் போனான். இப்போது பட்டறையில் இரண்டு பையன்கள் அவனிடம் தொழில் கற்கிறார்கள்.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறான். குறும்பாக ஏதேனும் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பான். எங்களிடமும் கலகலப்பாகவே பேசுகிறான். பொடி விஷயத்தை அவன் ஒருநாளும் எடுத்ததில்லை. ஆனால் அடுக்களைக்குப் போய்ப் பாலைச் சுட வைத்து, தன் காப்பியைத் தானே கலந்துகொள்கிறான்.